பணம் ஓர் ஏட்டில், பிள்ளைகள் வேறோர் ஏட்டில்: ஒரு மாணவருக்கான அரசுச் செலவை ஏன் சொல்ல முடிவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: அமெரிக்காவில் எந்தப் பள்ளி மாவட்டத்தின் பெயரைச் சொன்னாலும், அங்கே ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று அந்நாட்டு அரசே எண் சொல்கிறது. நம் நாட்டிலோ அதே கேள்விக்கு ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். ஒரு தொகை இன்னொன்றின் இரு மடங்காகக்கூட இருக்கிறது. நாடு முழுவதற்கும் அரசுப் பள்ளிகளின் வரவுசெலவைத் திரட்ட இத்தனை காலமாகியும் நம்மால் ஏன் முடியவில்லை? கேள்வியைப் படித்தபோது, தரவே இல்லை அல்லது யாரோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் உங்களுக்கு இருப்பதாகப் பட்டது. அரசுக் கருவூலத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு எழுதப்படுகிறது. அது தணிக்கையும் செய்யப்படுகிறது. அந்தக் கணக்கை ஒரு குறிப்பிட்ட பள்ளியோடும் அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளோடும் ஏன் பொருத்த முடிவதில்லை என்பதே உங்கள் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் அரசுக் கணக்குப் பணியில் 27 ஆண்டுகள் இருந்தவன். அவற்றில் பெரும்பகுதி பள்ளிக்கல்வித் துறையின் பட்டியல்களையும், கருவூலக் கணக்கோடு துறைக் கணக்கை ஒத்துப் பார்க்கும் வேலையையும் சார்ந்தது. எனவே தமிழ்நாட்டைப் பற்றிக் கையால் தொட்ட அனுபவத்தில் பேசுவேன். பிற மாநிலங்களின் கணக்குகளை அச்சிட்ட ஏடுகளின் வழியாகவும், அமெரிக்க முறையை அவர்கள் வெளியிடும் படிவங்கள், விளக்கக் குறிப்புகள் வழியாகவும் மட்டுமே அறிந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்க முறையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் அது எளிதாக நடந்துவிடுகிறது என்ற நினைப்பு சரியன்று. 1867இல் அங்கே கூட்டாட்சி அளவில் கல்வித் துறை ஒன்றை உருவாக்கியபோது, பள்ளிகளைப் பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுவதே அதன் தலையாய பணியாகச் சட்டத்தில் எழுதப்பட்டது. இன்று அந்தப் பணியைச் செய்வது தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம். மாவட்ட வாரியான வரவுசெலவுக் கணக்கை அந்த மையத்துக்காக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பு எஃப்-33 என்ற படிவத்தின் வழியாக ஆண்டுதோறும் வாங்குகிறது. மாநில அளவிலான தொகைகளுக்குத் தனியாக இன்னொரு ஆய்வு உண்டு. ஏறத்தாழ 14,000 பள்ளி அமைப்புகள் இதில் அடங்குகின்றன. 2022 நிதியாண்டில் ஒரு மாணவருக்கான நடப்புச் செலவின் தேசியச் சராசரி 15,633 டாலர் என்றும், நியூயார்க் மாநிலத்தில் அது 29,873 டாலர், யூட்டாவில் 9,552 டாலர் என்றும் அவர்கள் சொல்ல முடிவது இந்த ஏற்பாட்டினால்தான். அந்த 2022ஆம் ஆண்டுக் கணக்கு 2024இல்தான் வெளிவந்தது என்பதையும் கவனியுங்கள். திரட்டி, சரிபார்த்து, விடுபட்டதைக் கேட்டு வாங்க அவர்களுக்கும் இரண்டு ஆண்டு பிடிக்கிறது.

அவர்களுக்கு இது கைகூடுவதற்கு முதல் காரணம், பள்ளி மாவட்டம் என்பது அங்கே பெரும்பாலும் தனி அரசாங்கமே. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு, சொத்து வரி விதிக்கும் அதிகாரம் உண்டு, சொந்த வங்கிக் கணக்கும் சொந்தத் தணிக்கை அறிக்கையும் உண்டு. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பதும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதும் அந்த ஒரே அமைப்புதான். ஆகவே பணமும் தலைக்கணக்கும் பிறக்கும்போதே ஒரே ஏட்டில் இருக்கின்றன. அப்படியிருந்தும் ஐம்பது மாநிலங்களும் தத்தம் கணக்குத் தலைப்புகளை வெவ்வேறு விதமாக வைத்திருக்கின்றன. அதனால் கூட்டாட்சி அளவில் ஒரு கணக்குக் கையேடு வைத்து, கற்பித்தல், மாணவர் ஆதரவு, நிர்வாகம், போக்குவரத்து, உணவு என்று செலவின் பணிநோக்கங்களை வரையறுத்திருக்கிறார்கள். மாநிலத்தின் எந்தத் தலைப்பு தேசியப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் போய் விழ வேண்டும் என்பதற்கு ஒரு பொருத்து அட்டவணை இருக்கிறது. என் தொழில் கண்ணுக்கு அந்த முறையின் உயிர்நாடி அந்த அட்டவணைதான். படிவத்தை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். இந்தத் தலைப்பு அந்தக் கட்டத்துக்கு என்று ஒவ்வொரு மாநிலத்தோடும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வதற்குத்தான் பல ஆண்டுகள் ஆகும்.

அவர்களிடமும் இடறும் இடங்கள் உண்டு. பல மாநிலங்களில் நிதியாண்டு சூலை முதல் சூன் வரை ஓடுகிறது. அலபாமாவில் அக்டோபரில் தொடங்குகிறது. ஆசிரியர் ஓய்வூதியத்துக்கான பங்கைச் சில மாநில அரசுகள் மாவட்டத்தின் சார்பில் நேரடியாகக் கட்டிவிடுகின்றன. அதைத் தேடிப் பிடித்துச் சேர்க்காவிட்டால் அந்த மாநிலம் சிக்கனமாக இருப்பதுபோலத் தோன்றும். ஒரு மாவட்டம் தன் மாணவரைப் பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அதே தொகை இரண்டு ஏட்டிலும் செலவாக ஏறும். அதைக் கழிக்க வேண்டும். ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி அமைப்பு என்பதால் மாவட்ட ஒப்பீட்டுக்கே அங்கு இடமில்லை. மேலே சொன்ன 15,633 டாலரில் கட்டட முதலீடும் கடன் வட்டியும் சேரவில்லை. இவை எல்லாவற்றையும் அவர்கள் மறைக்காமல் எழுதிவைக்கிறார்கள். அதனால்தான் அந்த எண்ணை என்னால் நம்ப முடிகிறது. 2025 மார்ச்சில் அந்தப் புள்ளிவிவர மையத்தின் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் நீக்கப்பட்ட செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. பொருத்து அட்டவணையை ஆண்டுதோறும் பராமரிப்பது பழகிய ஆட்களின் வேலை.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்திய அரசுகளின் கணக்கு, ஒன்றியமானாலும் மாநிலமானாலும், ஆறு அடுக்குத் தலைப்புகளில், மொத்தம் பதினைந்து இலக்கக் குறியீடாக, எழுதப்படுகிறது. பொதுக்கல்வியின் வருவாய்ச் செலவுக்கான பெருந்தலைப்பு 2202. அதற்குள் 01 தொடக்கக்கல்வி, 02 இடைநிலைக்கல்வி, 03 பல்கலைக்கழகமும் உயர்கல்வியும் என்று பிரியும். தொடக்கக்கல்விக்குள் 101 என்ற சிறுதலைப்பு அரசுத் தொடக்கப்பள்ளிகளைக் குறிக்கும், 102 தனியார் நிர்வாகப் பள்ளிகளுக்கான உதவி, 103 உள்ளாட்சி அமைப்புகளுக்கான உதவி. காசுமீரமானாலும் கன்னியாகுமரியானாலும் 2202 என்றால் பொதுக்கல்விதான். அந்த அளவில் அமெரிக்கர்கள் பாடுபட்டு உண்டாக்கிய ஒற்றுமை நமக்குத் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. ஆனால் இந்தத் தலைப்புகள் பணம் எதற்காகச் செலவானது என்பதை மட்டுமே சொல்லும். எந்தப் பள்ளியில் செலவானது என்பதைச் சொல்ல அந்தப் பதினைந்து இலக்கங்களில் ஓர் இலக்கம்கூட இல்லை.

கருவூலத்துக்குத் தெரிந்த முகவரி, பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்பவர் மட்டுமே. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியரே அந்த அலுவலர். எனவே அங்கே சம்பளச் செலவு பள்ளியோடு ஓரளவு ஒட்டியிருக்கிறது. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர்தான் சம்பளப் பட்டியல் போடுகிறார். ஒரு வட்டாரத்தின் அத்தனை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளுக்குமான சம்பளமும் ஒரே அலுவலகத்தின் பேரில் கருவூலத்துக்குள் வருகிறது. மாநில அரசின் கணக்கைத் தொகுக்கும் கணக்காயரின் ஏட்டில் அது ஒரே தொகை. பள்ளிகளின் பெயர்கள் அந்த அலுவலகத்தின் பட்டியல் கோப்புக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. (பள்ளியின் பெயர்ப்பலகையில் ஊராட்சி ஒன்றியம் என்று இருப்பதால் அந்த ஊராட்சி ஒன்றியமே சம்பளம் தருகிறது என்று நினைத்துவிட வேண்டாம். 1981 சூன் முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள்.)

சென்னையை ஒட்டிய ஒரு வட்டார அலுவலகத்தில் நான் பார்த்த ஒரு பட்டியலைச் சொல்கிறேன். ஒரு தொடக்கப்பள்ளியின் பேரில் நான்கு ஆசிரியர்களுக்குச் சம்பளம் போயிருந்தது. பிள்ளைகள் 43 பேர். அந்தச் சம்பளத்தை 43ஆல் வகுத்தால் மிகப் பெரிய தொகை வந்தது. பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். பலகையில் நான்கு பெயர்கள் இருந்தன, வகுப்பறையில் இரண்டு ஆசிரியைகள் இருந்தார்கள். ஒருவர் மாற்றுப்பணியில் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்த நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். ஆசிரியர் பற்றாக்குறை உள்ள அந்த நடுநிலைப் பள்ளியின் ஒரு மாணவருக்கான செலவு, ஏட்டின்படி, மிகக் குறைவாக இருந்தது. இரண்டு பள்ளிகளைப் பற்றியும் ஏடு சொன்னது பொய்யன்று. சம்பளம் உண்மையாகவே அந்தப் பள்ளியின் பேரில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் கற்பித்தல் நடந்த இடம் வேறு. வட்டார அளவில் கூட்டினால் இந்தப் பிழை தானாகவே மறைந்துவிடும். பள்ளி அளவில் எண் வேண்டும் என்று கேட்பவர்கள் இதை அவசியம் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்த சிக்கல், பள்ளிப் பிள்ளைக்கான செலவு முழுவதும் 2202இல் இல்லை. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்பதை மானியக் கோரிக்கை என்போம். தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் மானியக் கோரிக்கை எண் 43. சத்துணவு சமூகநலத் துறையின் பொறுப்பு; அது கோரிக்கை 45இல் வருகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் கோரிக்கை 4இல், 2225 என்ற பெருந்தலைப்பில் வருகின்றன. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தரும் மிதிவண்டிகளின் செலவும் நலத்துறைகளின் கணக்கில்தான். இலவசப் பேருந்துப் பயணத்துக்கான ஈடு போக்குவரத்துத் துறையில். கட்டட முதலீடு 4202இல். 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்த ஆசிரியர்களின் ஓய்வூதியம் 2071இல், பிற துறை ஊழியர்களோடு கலந்து கிடக்கிறது. சென்னை மாநகராட்சி தன் பள்ளிகளைத் தானே நடத்துகிறது. அதற்கென்று சொத்து வரியோடு கல்வி வரியும் வாங்குகிறது. அந்தச் செலவு மாநிலத் தொகுநிதிக் கணக்குக்குள் வராமல் மாநகராட்சியின் சொந்த வரவுசெலவுத் திட்டத்தில் நிற்கிறது. 2011இல் மாநகர எல்லை 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. பிற்பாடு, அப்படிச் சேர்ந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் பல மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன. பிள்ளை அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவருக்கான செலவு மட்டும் ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்குக் குடிபெயர்ந்தது.

இதே மாநகராட்சிதான் 1920இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியில் தன் பள்ளியொன்றில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் போட்டது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு என்று அந்தத் தீர்மானத்தில் இருந்தது. 2022இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு 1,545 பள்ளிகளில் 1,14,095 பிள்ளைகள், 33.56 கோடி ரூபாய், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 12.75 ரூபாய் என்று அரசு சொன்னது. இரண்டு இடங்களிலும் தலைக்குச் செலவைத் துல்லியமாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் ஒன்றே: எந்தப் பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், எந்தப் பையிலிருந்து பணம் என்பவை செலவு தொடங்கும் முன்பே ஒரே தாளில் எழுதப்பட்டன. அந்தத் தாளில் இருந்த ஒழுங்கை மொத்தப் பள்ளிச் செலவுக்கும் நீட்டுவதுதான் நமக்கு எஞ்சியிருக்கும் வேலை.

ஆண்டுகளைக் கடந்து ஒப்பிடுவோர் பெரிதும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2001 முதல் நடந்த அனைவருக்கும் கல்வி இயக்கத்துக்கான ஒன்றியப் பணம், 2014 மார்ச் வரை, மாநிலக் கருவூலத்துக்குள் நுழையாமல் மாநிலத் திட்டச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போனது. 2014-15 முதல் அது மாநில வரவுசெலவுத் திட்டத்தின் வழியாகப் போகிறது. ஆகவே அந்த ஆண்டில் மாநிலங்களின் கல்விச் செலவு திடீரென்று உயர்ந்ததுபோல ஏட்டில் தெரியும். வந்த பணம் அதேதான், வாசல்தான் மாறியது. இதை அறியாமல் வரைந்த வரைபடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மாநிலங்கள் கல்விக்கு அள்ளிக் கொடுத்த ஆண்டு என்று அதற்கு விளக்கமும் எழுதியிருப்பார்கள். 2021 சூலையிலிருந்து இந்தத் திட்டப் பணம் மாநிலத்துக்கு ஒரே முதன்மைக் கணக்கில் நிற்கிறது. பள்ளிகள் தமக்கு அனுமதித்த வரம்பு வரை அதிலிருந்து எடுத்துச் செலவிடுகின்றன. அதனால் ‘பள்ளிக்கு வந்த தொகை’ என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. முன்பு அது வங்கியில் இருந்த பணம், இப்போது அது எடுத்துக்கொள்ளும் உரிமை.

ஒப்புதல், விடுவிப்பு, செலவு மூன்றும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் இடத்தில் வந்த ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25க்கு 3,586 கோடி ரூபாய் ஒப்புதலானது. 60க்கு 40 என்ற விகிதத்தில் ஒன்றியத்தின் பங்கு 2,152 கோடி. அந்தப் பங்கு அந்த ஆண்டுக்குள் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்புதல் தொகையை எடுத்து மாணவர் எண்ணிக்கையால் வகுத்தவர் ஓர் எண்ணைப் பெறுவார், விடுவித்ததை வகுத்தவர் வேறோர் எண்ணைப் பெறுவார், இருவரிடமும் அரசு ஆவணம் இருக்கும். வரவுசெலவுத் திட்டப் புத்தகத்திலும் இதேபோல் மூன்று நிலைகள்: திட்ட மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இரண்டு ஆண்டுக்கு முந்தைய உண்மைக் கணக்கு. கடைசி நெடுவரிசை மட்டுமே நடந்து முடிந்ததைச் சொல்கிறது. அதைக்கூட, கணக்காயர் தயாரித்துக் கணக்கு மற்றும் தணிக்கைத் தலைவர் சான்றளிக்கும் நிதிநிலைக் கணக்குகளோடு ஒத்துப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

பிள்ளைகளின் ஏடு வேறு இடத்தில் இருக்கிறது. யூடைஸ் என்று நாம் சொல்லும் கல்வித் தகவல் முறையில் நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்கக் குறியீடு உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. 2023-24இல் 14.7 லட்சம் பள்ளிகளையும் 24.8 கோடி மாணவர்களையும் அது எண்ணியது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையை ஆண்டுதோறும் எடுப்பது சிறிய சாதனை இல்லை. அந்தப் படிவத்தில் பள்ளி பெற்ற மானியம், செலவிட்ட தொகை என்ற கட்டங்களும் உண்டு. எனவே பள்ளி வாரியான நிதித் தரவு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கட்டங்களில் ஆசிரியர் சம்பளம் இல்லை. பள்ளிச் செலவில் ஆகப் பெரிய பங்கு சம்பளம்தான். அது இல்லாத கணக்கு, அரிசி விலையை விட்டுவிட்டு எழுதிய வீட்டுச் செலவு மாதிரி.

இருக்கும் கட்டங்களும் எப்படி நிரம்புகின்றன என்பதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். 112 பிள்ளைகள் உள்ள பள்ளி. 101 முதல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானியம் 50,000 ரூபாய். தலைமையாசிரியை தன் ரொக்கப் பதிவேட்டை எனக்குக் காட்டினார். வெள்ளையடித்த கூலி, குழாய் பழுது, பதிவேடுகள், துடைப்பமும் கிருமிநாசினியும், தூசி பறக்காத சுண்ணக்கட்டி என்று வரிவரியாக, பற்றுச்சீட்டு எண்ணோடு, அழகான கையெழுத்து. மானியம் இரண்டு தவணையாக வந்திருந்தது. இரண்டாவது தவணை மார்ச் கடைசி வாரத்தில் வந்ததால் அதில் பாதியைச் செலவழிக்க முடியவில்லை. எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் மட்டும் பெற்றது 50,000, செலவு 50,000 என்று இருந்தது. கேட்டேன். ‘அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்று வட்டாரத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது, சார். மீதம் காட்டினால் விளக்கம் எழுத வேண்டும்’ என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதிவேட்டில் அவர் ஒரு ரூபாயும் தவறவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஊதியம் கொடுத்து வைத்திருந்த தற்காலிக ஆசிரியையையும், முன்னாள் மாணவர்கள் வாங்கித் தந்த நான்கு மின்விசிறிகளையும் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவர் என்னையே கேட்டார். படிவத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை.

அதே பள்ளியில் மாணவர் எண்ணிக்கை மட்டும் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்ததை இங்கே சொல்ல வேண்டும். எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் ஆசிரியர் பணியிடமும் மானியமும் பாடநூலும் சத்துணவு அரிசியும் வருகின்றன. அதில் பிழை இருந்தால் மறுவாரமே பள்ளிக்கு வலிக்கும். நிதிக் கட்டத்தைப் பொறுத்து எதுவும் வருவதில்லை. அமெரிக்காவில் மாநில அளவிலான ஒரு மாணவர் செலவு, வறுமையில் உள்ள பிள்ளைகளுக்கான கூட்டாட்சி உதவி நிதியைப் பங்கிடும் சூத்திரத்துக்குள் போகிறது. அதனால் மாநிலங்கள் அந்தக் கணக்கைக் கவனமாகத் தருகின்றன. ஒரு தரவு திருந்துவதற்கு இதைவிட வலுவான காரணத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

இது வெறும் ஆய்வாளர்களின் ஆர்வம் என்று யாராவது சொன்னால், இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவைக் காட்டுங்கள். தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். அதற்கு அரசு ஈடு செய்யும் தொகை, அரசு ஒரு பிள்ளைக்குச் செய்யும் செலவு அல்லது பள்ளி வாங்கும் உண்மைக் கட்டணம், இவற்றில் எது குறைவோ அது. அதாவது ஒரு பிள்ளைக்கான அரசுச் செலவு என்ற எண் 2010 ஏப்ரல் முதல் சட்டப்படி தேவையான எண்ணாக இருக்கிறது. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு தொகையை அறிவிக்கிறது. அந்தத் தொகைக்குள் ஓய்வூதியம் சேர்ந்ததா, கட்டடம் சேர்ந்ததா, சத்துணவு சேர்ந்ததா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், இரண்டு மாநிலங்களின் அறிவிப்புகளைப் பக்கத்தில் வைத்து எந்த மாநிலம் தாராளம் என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

இனி, எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டால் இப்படிச் சொல்வேன். மாநில அளவில், பெருந்தலைப்பு வாரியாக, தணிக்கை முடிந்த உண்மைச் செலவு உறுதியானது. யூடைஸின் மாணவர் எண்ணிக்கையும், முக்கியமாக 2022-23 முதல் மாணவர் வாரியாகப் பதிவு தொடங்கிய பிறகு, பெருமளவு உறுதியானது. அதனாலேயே அதற்கு முந்தைய ஆண்டுகளோடு அதை நேராக ஒப்பிடக் கூடாது. ஒன்றியக் கல்வி அமைச்சகம் எல்லாத் துறைகளின் கல்விச் செலவையும் கூட்டி வெளியிடும் பகுப்பாய்வு, மாநிலங்களை ஒப்பிடக் கிடைப்பவற்றில் நல்லது. கோத்தாரிக் குழு 1966இல் சொல்லி, 2020 கல்விக் கொள்கை மறுபடி சொன்ன, நாட்டு வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு என்ற இலக்கைப் பற்றி வாதிடுவோர் அதையே பயன்படுத்த வேண்டும். தொடக்கக்கல்வி, இடைநிலைக்கல்வி என்று பிரித்துச் சொல்லும் தலைக்குச் செலவு ஐயத்துக்குரியது. நம் மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆறாம் வகுப்பு முதலே இருக்கிறது. அந்த ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் செலவு 02இல் ஏறுகிறது, எண்ணிக்கையோ தொடக்கக்கல்வி வரிசையில் நிற்கிறது. மாவட்ட வாரியான எண் இன்னும் ஐயத்துக்குரியது. பள்ளி வாரியாக யாராவது எண் சொன்னால் எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்காமல் ஏற்க வேண்டாம்.

நீங்களே தமிழ்நாட்டுக்குக் கணக்குப் போட விரும்பினால், கோரிக்கை 43இன் உண்மைச் செலவிலிருந்து தொடங்குங்கள். 2202 மொத்தத்தையும் எடுக்க வேண்டாம், அதில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கான மானியத்தைக் கழித்துவிட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் மட்டும் வகுங்கள். அல்லது கழிக்காமல் இருவகைப் பிள்ளைகளையும் கூட்டி வகுங்கள். மேலே உதவி பெறும் பள்ளிகளின் பணம், கீழே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் என்று செய்த பிழைதான் நீங்கள் பார்த்த மிகைத் தொகைகளில் பலவற்றுக்குக் காரணம் என்பது என் ஊகம். தமிழ்நாட்டில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உதவி பெறும் பள்ளிகள் இருக்கையில் அது சிறிய பிழை ஆகாது. அதன்பின் சத்துணவு, நலத்துறைப் பள்ளிகள், மாநகராட்சியின் செலவு ஆகியவற்றைச் சேர்த்தீர்களா என்று எழுதுங்கள். ஓய்வூதியத்தையும் கட்டடத்தையும் தனி வரியாக வையுங்கள். நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை, பள்ளி ஆண்டு சூன் முதல் ஏப்ரல் வரை என்பதால் ஏதேனும் ஓர் ஆண்டின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எதை எடுத்தீர்கள் என்று குறிப்பிட்டால் போதும்.

நாடு முழுவதற்கும் பள்ளி அளவில் திரட்ட முடியுமா என்றால், முடியும் என்பதே என் உறுதியான கருத்து. புதிய படிவம் எதுவும் வேண்டாம். தலைமையாசிரியர்கள் ஏற்கெனவே அளவுக்கு மேல் நிரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வோர் ஆசிரியரின் சம்பளமும் இப்போது ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைக் கணினி முறையில்தான் போடப்படுகிறது. அங்கே ஆசிரியரின் பதிவோடு அவர் உண்மையில் வேலை பார்க்கும் பள்ளியின் 11 இலக்க யூடைஸ் குறியீட்டையும் சேர்த்து, மாற்றுப்பணி ஆணை போடும் நாளிலேயே அதை மாற்றவும் செய்தால், சம்பளச் செலவு தானாகவே பள்ளி வாரியாகப் பிரிந்துவிடும். சத்துணவு மையத்துக்கும் கட்டடப் பணி மதிப்பீட்டுக்கும் அதே குறியீட்டை எழுத வைக்கலாம். எஞ்சும் இயக்குநரகச் செலவு, பயிற்சி, பாடநூல் போன்றவற்றை மாணவர் எண்ணிக்கைப்படி பங்கிட ஒரு விதியை அறிவித்துவிட்டால் போதும். மாநிலங்களுக்கு இடையே வேறுபடும் சிறுதலைப்புகளுக்கு அமெரிக்கர்கள் வைத்திருப்பதுபோல் ஒரு பொருத்து அட்டவணை வேண்டும். அதை ஒரு துறையின் ஓரமேசை வேலையாக விடாமல், பழகிய கணக்கர்கள் பத்துப் பேரை அதற்கென்றே நிரந்தரமாக வைக்க வேண்டும். நாட்டின் கல்விச் செலவோடு பார்த்தால் அவர்களின் சம்பளம் ஒரு பொருட்டே இல்லை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு ஆவணங்களின் நகல் கேளுங்கள்: ஏதேனும் ஒரு மாதத்தின் பள்ளி வாரியான சம்பளப் பட்டியல் சுருக்கம், அதே மாதத்தில் நடப்பில் இருந்த மாற்றுப்பணி ஆணைகளின் பட்டியல். ஆசிரியர் பெயர்கள் வேண்டாம், பணியிடங்களும் தொகைகளும் போதும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க அப்போது இடம் இருக்காது. மாதமாக அக்டோபரைத் தேர்ந்தெடுங்கள். மே மாதத்தில் இடமாறுதல்களும், மார்ச்சில் நிலுவைத் தொகைகளும் வந்து கணக்கைக் குழப்பும்.